வேன்காரரின் வலது கை

பள்ளி வேன் ஓட்டுகிறவருக்கு பைக் பைத்தியம் என்றால் யார் நம்புவார்கள்? வாரம் முழுக்கப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊர்ந்துதான் போவார். மஞ்சள் விளக்கைக் கண்டாலே நின்றுவிடுவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே செத்தாலும் அசைய மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன், விடுமுறை கிடைத்தால் பைக் ரேஸ் டிராக்கில் தோல் உடுப்பை மாட்டிக்கொண்டு, முழங்கால் தரையில் உரச வளைவில் சாய்வார். அவர் மனைவி இதற்கு வைத்த பெயர் திமிர். திமிரேதான், வேறென்ன?

அவருடைய கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தகர ஷெட்டில் கூடும். பல் டாக்டர் வருவார், குழாய் வேலை செய்கிறவர் வருவார், ஒரு பழைய காரை விற்கவும் மனசில்லாமல் ஓட்டவும் வழியில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிற கணக்கு வாத்தியார் வருவார். வேன்காரரின் மச்சானும், அதாவது மனைவியின் தம்பியும், வருவான். அக்கா வீட்டிலேயே தங்கி, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். வண்டியைத் துடைத்துக்கொண்டே ஆளாளுக்குக் கதை அளப்பார்கள். டிராக்கில் ஒருவர் வண்டியை இன்னொருவர் வாங்கி ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. விழுந்தவன் எவனானாலும் எழுந்ததும் சொல்வது, ‘பிரேக் பிடிக்கல.’ உடனே கூட்டம் மொத்தமும் கைதட்டிச் சிரிக்கும்.

அந்த வார்த்தையை ஒருநாள் வேன்காரரும் சொல்ல வேண்டி வந்தது. மச்சான் தன் வண்டியைச் சின்ன லாரியில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுவந்திருந்தான். லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து முன் சக்கரத்தைக் கழற்றி டயரை மாற்றி முடித்ததும், “புது டயர் மாமா, முதல் ரவுண்டு நீங்களே ஓட்டுங்க” என்று ஆசையாகக் கொடுத்தான். மாமாவும் பல்லைக் காட்டிக்கொண்டு போனார். முதல் வளைவில் வண்டி திரும்பவில்லை, நேரே மணலுக்குள் பாய்ந்தது. தோள் எலும்பு முறிந்தது.

“பிரேக் பிடிக்கல” என்றார், படுத்த வாக்கிலேயே.

பல் டாக்டர் வண்டியை நிமிர்த்தி, வலது கைப்பிடியில் இருக்கும் முன் பிரேக் லீவரை அழுத்திப் பார்த்தார். கல்லாட்டம் நின்றது. யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. “பயத்துல கை விறைச்சிருக்கும். பிடிச்ச மாதிரி தோணும், பிடிச்சிருக்க மாட்டோம்” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு வேன்காரருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

தோள் ஆறியது. பள்ளிக்கூடத்தில் வரச் சொன்னார்கள். இவர் போய் வேன் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

“வேன்ல பிரேக் கால்லதானேங்க?” என்றாள் மனைவி.

“கையை மறந்தவன் காலை மறக்க மாட்டானா? பின்னாடி உக்காந்திருக்கிறது ஊரான் பிள்ளைங்க.”

இப்போது அவர் ஒரு பெரிய கடையின் வாசலில் நின்று, வருகிற கார்களுக்கு இடம் காட்டுகிறார். பழைய வேனில் வந்த பிள்ளை ஒன்று அப்பாவோடு வந்து, “அங்கிள், எப்ப வருவீங்க?” என்று கேட்டால், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த காருக்குக் கையைக் காட்டுவார். மச்சான் அவரைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொண்டான். வேலைக்குக் கொண்டுபோய் விடுவான், கூட்டி வருவான். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைக்கும் என்று அக்காவுக்கு ஒரே பெருமை.

ஷெட்டுப் பக்கமே போகாதிருந்தவரைப் பல் டாக்டர்தான் ஒரு சனிக்கிழமை இழுத்துக்கொண்டு போனார். குழாய்க்காரர் அப்போதுதான் தன் வண்டிக்கு முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தார். வண்டியைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்று வேன்காரர் லீவரைப் பிடித்தார். அது பொசுக்கென்று கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

இதே பிடிதான். அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது.

“இருங்கண்ணே, இன்னும் அழுத்தி விடல” என்றார் குழாய்க்காரர். “சக்கரத்தைக் கழட்டினப்ப பிரேக் கட்டை விலகிப் போயிருக்கும், மாட்டினதும் லீவரைத் திரும்பத் திரும்ப அழுத்தி விடணும். அதுவரைக்கும் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான்.”

வேன்காரருக்கு ஓட்டத் தெரியுமே தவிர ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. திரும்பத் திரும்ப அழுத்தினார். லீவர் இறுகிக்கொண்டே வந்து கடைசியில் கல்லாட்டம் நின்றது. விழுகிற நேரத்தில் பதறிப் பதறி அழுத்தியிருப்பார், அதனால்தான் டாக்டர் பார்த்தபோது சரியாக இருந்திருக்கிறது. அவர் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். செயின் துடைத்துக்கொண்டிருந்த அவன் கை நின்றுபோயிருந்தது.

“அன்னிக்கு டயர் மாத்தினதும் அழுத்தி விட்டியா மாப்ளே?”

“மறந்துட்டேன் மாமா.”

“எப்ப ஞாபகம் வந்துச்சு?”

“நீங்க மணல்ல கெடந்தப்பவே.”

வேன்காரருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? கை பிடித்திருக்கிறது. தன் கை தன்னை ஏமாற்றவில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, இத்தனை நாளும் இவனுக்கு இது தெரிந்தே இருந்திருக்கிறது என்று உறைத்தது.

“அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு பயந்துட்டேன் மாமா. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு...”

“அதை விடு. தூக்கத்துல பிரேக்கைத் தேடி நான் சுவத்தை உதைக்கிறேனே, அந்தச் சத்தம் உன் ரூமுக்குக் கேக்குமா?”

மச்சான் செயின் துடைத்த துணியைக் கீழே வைத்தான்.

“கேக்கும் மாமா” என்றான்.