பன்னிரண்டாவது வீடு

காலையில் எழுந்ததும் ஐவிந்த் முகம் கழுவமாட்டார், காப்பி கேட்கமாட்டார். நேரே வெளியே போய் பூட்ஸின் குதிகாலால் தரையை மூன்று தரம் ஓங்கி மிதிப்பார். இடது காது மந்தம் என்பதால் வலது காதைக் கீழே சாய்த்துக்கொண்டு மிதிப்பார். அக்டோபர் பிறந்துவிட்டால் தினமும் இதே கூத்துதான்.

"இன்னும் இறுகலை ரக்னா. உள்ள ஈரம் கெடக்கு."

அவர் மனைவி அடுப்பைவிட்டுத் திரும்பமாட்டாள். "தரை இறுகினாப் போதுமாய்யா? இழுக்க மாடு வேணும். மாட்டை ஓட்டிக்கிட்டு வர்றவனுக்கு மனசு வேணும்" என்பாள்.

டகோட்டா சமவெளியில் எல்க்துறை என்ற ஊரில் அப்போது மிச்சம் இருந்தவை ஒரு வீடு, ஒரு கொல்லுப்பட்டறை, பதினோரு வீடுகளும் ஒரு சர்ச்சும் நின்ற இடத்தில் வரிசை வரிசையாக அடித்தளக் கற்கள். சர்ச்சை இழுத்துக்கொண்டு போனவர்கள் கல்லறைகளை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

ஐவிந்துக்கு வலது புருவம் கிடையாது. என்றோ ஒரு தீப்பொறி அதைத் தின்றுவிட்டது. காப்பியை ஊற்றிக் கொடுத்தால் இரும்பு அடிக்கும் பட்டறைக்கல்லின் மேல் வைத்துவிட்டு மறந்துவிடுவார். ஆறிப்போன பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டு "நல்லாருக்கு" என்பார். ஊரில் பல் பிடுங்குவதும் அவர்தான். குதிரைக்கு லாடம் கழற்றும் குறடுக்குப் பக்கத்திலேயே பல் குறடும் தொங்கும். எவன் எதைக் கேட்டாலும் "ஆகட்டும், ஆகட்டும்" என்று இரண்டு தரம் சொல்வார். ஒரு தரம் சொன்னால் கேட்டவன் நம்பமாட்டானோ என்று பயம்.

இந்த "ஆகட்டும்" ரக்னாவுக்கு எட்டிக்காயாகக் கசந்தது. அவளுக்குக் காரணம் இருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்பு நார்வேயிலிருந்து வந்து, மாட்டுவண்டியில் இந்த ஆற்றைக் கடக்கும்போது வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. பாரம் குறைத்தாக வேண்டும். பட்டறைக்கல்லா, ரக்னாவின் கல்யாணப் பெட்டியா? ஐவிந்த் யோசிக்கவே இல்லை. "என் அம்மா கொடுத்த வெள்ளி ஊக்கு, நான் நெய்த கம்பளி எல்லாம் ஆத்தோட போச்சு. இந்தக் கல்லு மட்டும் மாப்பிள்ளை மாதிரி கரையேறிடுச்சு" என்று அவள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வாள். வண்டி கரையேறிய இடத்திலேயே ஒரு மரத்துண்டை நட்டு அதன்மேல் கல்லை ஏற்றினார் ஐவிந்த். அந்தப் பக்கத்துப் புல்வேர் கலப்பைக் கொழுவை ஒரே நாளில் மழுக்கிவிடும். கொழு தீட்ட வந்தவர்கள் பக்கத்திலேயே குடிசை போட்டார்கள், பிறகு வீடு கட்டினார்கள், பிறகு சர்ச் கட்டினார்கள். எல்க்துறை உண்டானது அப்படித்தான்.

அப்புறம் ரயில் வந்தது. நாலு மைல் தள்ளி வந்தது.

கடைக்காரன் ஆஸ்லாக் தன் கடையில் எல்லாரையும் கூட்டினான். நயமாகப் பேசுவான், வயதில் சின்னவன், ஐவிந்தை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். குளிர்காலத்தில் நிலம் உறைந்ததும் ஒவ்வொரு வீடாக நெம்பித் தூக்கி, கீழே சறுக்குக்கட்டைகள் கொடுத்து, இருபது மாடு கட்டி ஸ்டேஷனுக்கே இழுத்துவிடுவது என்று முடிவானது. சங்கிலி, கொக்கி, கட்டைக்கு இரும்புப் பட்டை எல்லாம் ஐவிந்த் அடிக்க வேண்டும்.

"ஆகட்டும், ஆகட்டும். என் வீடு எப்ப?"

"அண்ணே, பனியில சங்கிலி அறுந்தா யார்கிட்ட ஓடுறது? உங்க உலை இங்க எரியுற வரைக்கும்தான் எங்க வீடு நகரும். அதனால நீங்க கடைசி. உங்க வீட்டை நானே முன்னால நின்னு இழுக்குறேன்."

ஐவிந்துக்கு முகமெல்லாம் பூரிப்பு. தான் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டானே! வீட்டுக்கு வந்து ரக்னாவிடம் ஒரு வார்த்தை மாறாமல் ஒப்பித்தார். "கடைசின்னா கடைசிதான்யா" என்றாள் அவள்.

டிசம்பரில் ஆரம்பித்தார்கள். முதலில் போனது ஆஸ்லாக்கின் கடை. பிறகு வாரம் ஒரு வீடு. சங்கிலி சாயங்காலத்துக்குள் இரண்டு தரமாவது அறுந்தது. அறுந்ததைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் ஓடி வந்தார்கள், ஐவிந்த் ஒட்டிக் கொடுத்தார். மார்ச்சில் சர்ச் போய்ச் சேர்ந்தது. மறுநாள் தெற்கிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வீசியது. இரண்டே நாளில் வழியெல்லாம் சேறு.

"அடுத்த குளிருக்கு, அண்ணே. மண்ணு இறுகட்டும்" என்றான் ஆஸ்லாக்.

அந்தக் கோடையில் ரயிலேறி ஒரு புதுக் கொல்லன் வந்தான். ஆஸ்லாக் தன் கடைக்குப் பக்கத்திலேயே அவனுக்கு இடம் கொடுத்தான். ஊருக்கு ஒரு கொல்லன் வேண்டாமா என்று கேட்டான். நியாயந்தான்; ஊர் என்பது இப்போது அங்கேதானே இருக்கிறது.

நவம்பரில் ஒருநாள் காலை, குதிகால் மிதித்த தரை கணீரென்று பேசியது. ஐவிந்த் சின்னப்பிள்ளைபோல உள்ளே ஓடி வந்தார். அன்றே தன் வீட்டைத் தானே நெம்பித் தூக்க ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் வீடு முழங்கால் உயரத்தில் சறுக்குக்கட்டைகள் மேல் நின்றது. மாட்டைப் பூட்டினால் கிளம்பிவிடலாம். ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ஆஸ்லாக்கிடம் சொல்லிவிட்டு வந்தார்.

"கிறிஸ்துமஸ் முடியட்டும், அண்ணே." கிறிஸ்துமஸ் முடிந்தது. "மாடெல்லாம் இளைச்சுக் கெடக்கு, அண்ணே. பாதிப் பேரு மாட்டை வித்துட்டுக் குதிரை வாங்கிட்டான்."

தூக்கி நிறுத்திய வீட்டுக்கு அடியில் காற்று சீறிக்கொண்டு போனது. பலகை இடுக்கில் பனித்தூள் ஏறி வந்தது. வாளித் தண்ணீர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உறைந்தது.

"இறக்கி வைய்யா. இல்லேன்னா சுத்தி வைக்கோலையாவது அடை."

"அடைச்சுட்டு, நாளைக்கே அவங்க வந்துட்டா? மறுபடி பிரிக்கணுமே."

"வரமாட்டாங்கய்யா!"

"ஆஸ்லாக் சொல்லிருக்கான் ரக்னா. நாலு பேரு முன்னால சொன்னான்."

ஜனவரிக் கடைசியில் ஐவிந்துக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஐந்தாவது நாள் மூச்சு, ஓட்டை விழுந்த துருத்திபோல இழுத்தது. "மாடு வந்துருச்சா?" என்று கேட்டார். முப்பது வருஷக் குடித்தனத்தில் ரக்னா அவருக்குச் சாதகமாக ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. "வந்துருச்சு. பூட்டிக்கிட்டு இருக்காங்க" என்றாள். அவர் "ஆகட்டும்" என்றார். ஒரு தரம்தான் சொன்னார்.

ரக்னா ஸ்டேஷனுக்கு நடந்துபோய்ச் சொன்னாள். ஆஸ்லாக் தொப்பியைக் கழற்றினான். கண்ணும் கலங்கத்தான் செய்தது. அன்றே நல்ல பைன்மரப் பெட்டியும் இரண்டு ஆட்களும் அனுப்பினான். அதில் குறை சொல்ல முடியாது. அவர்கள் உடலைப் பெட்டியில் கிடத்திப் பட்டறை மூலையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் குழி?

"நிலம் பாறையா இருக்கே அண்ணி, கடப்பாரையே இறங்காது. ஏப்ரல்ல மண்ணு இளகட்டும். ஊரே வந்து நிக்கும் பாருங்க" என்று ஆஸ்லாக் ஸ்டேஷனிலேயே சொல்லியிருந்தான்.

திரும்பி நடந்த நாலு மைலும் அவள் தனக்குள் பேசிக்கொண்டே வந்தாள். இறுகட்டும் என்று ஒரு வருஷம் காக்கவைத்தார்கள். இப்போது இளகட்டுமாம். அந்த மனுஷன் இன்னும் காத்துக்கொண்டே கிடக்க வேண்டுமாம், அதுவும் செத்த பிறகு!

பட்டறையில் வருஷத்துக்கே ஆகும் உலைக்கரி குவிந்து கிடந்தது. ரக்னா அதைத் தள்ளுவண்டியில் அள்ளி எதிரே கல்லறைத் திடலுக்குக் கொண்டுபோனாள். ஆள் நீளத்துக்குப் பரப்பித் தீ வைத்தாள், மேலே இரும்புத் தகட்டை மூடினாள். அரை நாள் எரிந்தால் ஒரு சாண் இளகியது. சாம்பலை ஒதுக்கி, அந்த ஒரு சாணை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கரியைப் பரப்பினாள். மூன்று நாள் கரும்புகை நேராக வானத்துக்கு ஏறியது. உள்ளங்கைத் தோல் பிய்ந்து மண்வெட்டிப் பிடியில் ஒட்டியது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆஸ்லாக் சறுக்குவண்டியில் விரட்டிக்கொண்டு வந்தான். மூச்சு வாங்கியது.

"பட்டறைதான் தீப்பிடிச்சிருச்சோன்னு பதறிட்டேன் அண்ணி. சங்கிலியெல்லாம் உள்ள இருக்கே! திங்கக்கிழமை என் தானியக் கிடங்கை இழுக்குறோம். வந்தது வந்தேன், சங்கிலியை ஏத்திட்டுப் போயிடறேன்."

குழிக்குள் நின்றபடியே ரக்னா கேட்டாள். "எத்தனை மாடு?"

"இருபது" என்றான் அவன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவளைத் தாண்டி, கட்டைகள்மேல் தூக்கி நிறுத்தியிருந்த வீட்டைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

குழி ரக்னாவின் இடுப்பளவு வந்திருந்தது. விளிம்பைப் பிடித்து மேலே ஏறி வந்தாள். அவன் கையுறையை ஒவ்வொரு விரலாக உருவிக் கீழே போட்டாள். ரத்தப் பிசுபிசுப்போடு இருந்த மண்வெட்டியை அவன் வெறுங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.