கப்பலேறாத கப்பல்காரன்

சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் என்னைக் ‘கப்பல்காரன்’ என்று சொன்னால்தான் தெரியும். புதிதாகக் குடிவந்த ஒருவர், தன் மகனுக்குக் கப்பலில் வேலை வாங்கித் தர முடியுமா என்று பழத்தோடு வந்து கேட்டார். பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் இதுவரை ஏறிய பெரிய கப்பல் எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்குப் போகிற ஃபெரி. அதிலும் ஒரு தடவை வாந்தி எடுத்திருக்கிறேன்.

அந்தப் பட்டத்தை எனக்குச் சூட்டியவர் என் அக்கா. எதிர்க் கட்டடத்தின் எட்டாவது மாடியில் நின்று, ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாளில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சூட்டினார்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். இயந்திரம் நின்றுபோனால், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அதை முறைத்துப் பார்த்துவிட்டு, தெரிந்த ஆளைக் கூப்பிடுவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் இதற்கு என்ஜினியர் என்று பெயர். தொழிற்சாலையில் ஆங்கிலத்தில் கடிதம் வருவதால் ஆங்கிலத்துக்கும் நான்தான் பொறுப்பு. ஆகவே கப்பல் பயணம் என்ற பேச்சு வந்தபோது, பதிவு செய்கிற வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. உண்மையைச் சொன்னால், விழவில்லை. நான்தான் தலையை நீட்டினேன்.

ஆறு பேர்: நானும் மனைவியும், அக்காவும் அத்தானும், என் மைத்துனனும் அவன் மனைவியும். பினாங்கில் ஏறி தாய்லாந்துப் புக்கெட் போய்த் திரும்ப மூன்று இரவு. மூன்று அறைகளையும் ஒரே பதிவில் எடுத்தால் கரோக்கே அறை ஒரு மணி நேரம் இலவசம் என்றிருந்தது. விடுவேனா? ஒரே பதிவில் எடுத்தேன். கம்பெனியையே ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம். எங்கள் ஆறு பேரில் யாருக்கும் பாட வராது என்பது வேறு விஷயம்.

பதிவில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘முதன்மைப் பயணி’ என்று போட்டிருந்தது. எதற்கும் முதன்மையாக இருந்திராதவன் நான். அரசாங்கம் டத்தோ பட்டம் கொடுத்த மாதிரி குடும்பக் குரூப்பில் அதைப் படம் எடுத்துப் போட்டேன். முதன்மைப் பயணி என்றால் அடி முதலில் அவனுக்குத்தான் என்று அதன் கீழே எழுதியிருக்கவில்லை.

காசு கட்டிய அன்று மாலை மனைவி நாள்காட்டியைப் பார்த்தாள். லிட்டில் இந்தியாவில் மளிகை வாங்குகிற கடையில் இலவசமாகத் தருவது. சென்னையில் அச்சடித்து வருகிறது.

“வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கா கட்டினீங்க? ராகு காலம்லாம் பாக்க மாட்டீங்களா?”

“கப்பலுக்கு ராகுவும் கிடையாது கேதுவும் கிடையாதும்மா. டீசல் இருந்தா போதும்.”

அடுத்த மாதமே கொரோனா வந்து நாடு மூடியது. துறைமுகம் மூடியது. அக்காவின் கடையும் மூடியது. மனைவி, கிருமியை நானே புட்டியிலிருந்து திறந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு நாள் கழித்துச் சோறு போடும்போது, “உலகத்துக்கே வந்துருச்சு, பாத்தீங்களா?” என்றாள்.

பிறகு கப்பல் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பயணம் ரத்து. கட்டிய பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அல்லது பணத்தைக் கம்பெனியிலேயே விட்டுவைத்தால் கால்பங்கு கூட்டி, அடுத்த டிக்கெட்டில் கழிக்கிற ‘பயணக் கடனாக’த் தருவார்கள், பின்னால் எப்போதாவது போகலாம். ஒரு பதிவுக்கு ஒரு முடிவுதான். முதன்மைப் பயணிதான் தெரிவு செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் எதையும் சொல்லாவிட்டால், பயணக் கடன்தான்.

குடும்பக் குரூப் அன்றைக்குத் தீப்பிடித்தது.

மைத்துனன் காப்புறுதிப் பாலிசி விற்பவன். எதிலும் கூடுதலாக ஏதாவது வந்தால் அவனுக்குக் கை அரிக்கும். “கால்பங்கு சும்மா வருது மச்சான்! எந்த பேங்க்ல குடுப்பான் இப்படி? விட்டு வைலா!” என்றான். அத்தானும் அவன் பக்கம். அவர் கப்பலுக்கென்றே பூப்போட்ட சட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தார். சட்டைக்காகவாவது கப்பல் வேண்டும் என்பது அவர் நியாயம்.

அக்காவுக்கு ரொக்கம் வேண்டும். அக்கா காலைச் சந்தைக்கு வெளியே மேசை போட்டு, மசாலா வைத்து மடித்துப் பொரித்த கறிபாப் விற்றுவந்தார். சந்தை அடைத்ததோடு அதுவும் நின்றது. பக்கத்துச் சந்தில் ஒரு காப்பிக்கடைக்காரர் கடையையே மூடிவிட்டு, தன் ஃபிரீசரை அரை விலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு மாதம் வைத்திருப்பதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஃபிரீசர் வந்தால், கறிபாப் செய்து உறையவைத்து வீட்டிலிருந்தே விற்கலாம். அக்கா, அத்தான் இருவரின் கப்பல் காசும் திரும்பினால் ஃபிரீசர் வாங்கிவிடலாம்.

“நீங்கள்லாம் கப்பல்ல போய் என்னத்த பாக்கப் போறீங்க? தண்ணியத்தான?” என்று குரல் செய்தி அனுப்பினார் அக்கா. “மழை பேஞ்சா நம்ம கட்டடத்துக் கீழ் வீட்டுக்குள்ளயே வருது அது. எனக்கு என் காசு வேணும்.”

மைத்துனன், “அக்கா, நாங்கள்லாம் ஒரு பக்கம், நீங்க ஒத்த ஆளு” என்று எழுதினான்.

“ஒத்த ஆளுதான்டா. தைப்பூசத்துக்கு ஆறு பேருக்கும் ஒத்த ஆளாத்தான் சமைச்சேன். அப்ப ஓட்டு எடுத்தியா?”

அத்தான் ஒரு அழுகிற முகத்தை அனுப்பிவிட்டு அதையும் அழித்தார். வியாழன் சாயங்காலம் ரொக்கம் என்று முடிவானது. அக்கா என்னைத் தனியாக அழைத்தார்.

“தம்பி, நாளைக்குக் காலையில மொத வேலையா அத அமுக்கிரு.”

“அமுக்கிட்டேன்னே வச்சுக்கக்கா.”

மறுநாள் என் முதல் வேலை பத்து மணிக்கு எழுந்திருப்பது. இரண்டாவது வேலை கடவுச்சொல்லைத் தேடுவது. அது மனைவியின் பிறந்தநாள் என்று நினைவிருந்தது, பிறந்தநாள்தான் நினைவில்லை. மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், உதவவில்லை. மூன்றாவது முறை பக்கம் திறந்தபோது மணி பத்து முப்பத்திரண்டு. திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்று ரொக்கம், ஒன்று கடன். விரல் ரொக்கத்தின் மேல் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துக் கண் நாள்காட்டியின் மேல் விழுந்தது. வெள்ளி. ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை.

இதையெல்லாம் நம்பாதவன் நான். இன்றைக்கும் நம்பாதவன்தான். ஆனால் போன தடவை இதே வெள்ளிக்கிழமை, இதே ராகு காலத்தில் காசு கட்டி, உலகத்துக்கே நோய் வந்த பழி என் மேல் இருக்கிறது. இந்த முறையும் ஏதாவது ஆனால் வீட்டில் சோறு கிடைக்காது. பன்னிரண்டு வரை நேரம் இருக்கிறதே, பன்னிரண்டு மணி வரை என்றால் பன்னிரண்டும் சேர்த்திதானே என்று என் மூளை கணக்குப் போட்டது. தொழிற்சாலையில் இந்த மூளையை நம்பித்தான் இயந்திரங்களை விட்டிருக்கிறார்கள்.

காப்பி போட்டுக் குடித்தேன். பதினொன்றரைக்கு இன்னொன்று. கைத்தொலைபேசியில் பதினொன்று ஐம்பத்தொன்பது மறைந்து பன்னிரண்டு வந்த கணத்தில், தேர் வடம் பிடிக்கிற பக்தியோடு பொத்தானை அமுக்கினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, பயணக் கடனைத் தெரிவு செய்ததற்கு நன்றி, விரைவில் கப்பலில் சந்திப்போம் என்று வந்தது. பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஒரு டால்பின்.

அந்த டால்பினை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

“என்ன தம்பி, அமுக்கிட்டியா?” என்று அக்கா அழைத்தார்.

“அமுக்கிட்டேங்கா.” அது பொய்யில்லை. “பிராசஸ் ஆகுது.” அதுதான் பொய்.

மூன்று வாரம் பிராசஸ் ஆனது. தினமும் கம்பெனிக்கு அழைத்தேன். ஒரு புல்லாங்குழல் வாசிக்கும். நான் முக்கியமான வாடிக்கையாளர் என்று நடுநடுவே ஒரு குரல் சொல்லும். கடைசியில் ஒரு பெண் வருவாள். முதன்மைப் பயணிக்கு வணக்கம் சொல்வாள். நேரம் முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்பாள். நான் கத்துவேன். அவள் அவ்வளவு மரியாதையாக மன்னிப்புக் கேட்பாள். எனக்கு இன்னும் கோபம் வரும். ஒரு நாள், “நீங்கள்லாம் கொள்ளைக்காரங்க” என்றேன். “உங்கள் கருத்துக்கு நன்றி சார்” என்றாள். அக்காவிடம் எல்லாப் பழியையும் கம்பெனி மேலே போட்டேன். அக்காவும் நம்பினார். கம்பெனிக்காரன் குடும்பம் விளங்காது என்று என்னோடு சேர்ந்து சாபம் விட்டார். அந்தச் சாபத்தில் எத்தனை எனக்கு வந்து சேர்ந்ததோ தெரியாது.

காட்டிக் கொடுத்தவன் மைத்துனன். அவனிடமும் பதிவு எண் இருந்தது. ஒரு பகல் அவன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறான். படம் எடுத்துக் குரூப்பில் போட்டான், கைதட்டுகிற கைகளோடு: “மச்சான் எம் பேச்சக் கேட்டு சத்தமில்லாம விட்டு வச்சிருக்காரு! சூப்பர் மச்சான்! கால்பங்கு கூட வந்துருச்சு!”

படத்தில் டால்பின் சிரித்துக்கொண்டிருந்தது.

நான் தொலைபேசியை அணைத்தேன். அது போதாது என்று எனக்கு உறைப்பதற்குள் எதிர்க் கட்டடத்திலிருந்து குரல் வந்தது.

“டேய்! வெளிய வாடா!”

வெளியே போகக் கூடாது என்பது அப்போது அரசாங்க உத்தரவு. அதை நான் மனதார மதித்தேன். மனைவிதான் கதவைத் திறந்து என்னைத் தாழ்வாரத்துக்குத் தள்ளினாள். எதிரே எட்டாவது மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா. இரண்டு கட்டடத்திலும் ஒவ்வொரு மாடியிலும் தலைகள் நீண்டன. வாரக்கணக்கில் பார்க்க ஒன்றுமில்லாமல் இருந்தவர்கள். ஒருவர் நாற்காலியே கொண்டுவந்து போட்டார்.

“எங்கடா என் காசு?”

“கம்பெனில இருக்குக்கா!”

“யார்றா அங்க வச்சது?”

“அக்கா, நான் ரொக்கந்தான் அமுக்கினேன். அமுக்கறதுக்குள்ள மணி பன்னெண்டாயிருச்சு!”

“காலையிலேர்ந்து என்னடா பண்ணிட்டிருந்த?”

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். “ராகு காலம்கா.”

அக்கா கம்பிக்கு மேலே பாதி உடம்பை நீட்டினார்.

“ராகு காலமா? நீயா? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து வாடான்னா, பாதி வழியில தண்ணீர்ப் பந்தல்ல உக்காந்து மூணு டம்ளர் மோர் குடிச்சிட்டுத் திரும்பிப் போனவன் நீ! உனக்கு ராகு காலமா? என் ஃபிரீசருக்கு மட்டும் உனக்கு சாமி வந்துருச்சா? போடா கப்பல்காரா!”

நாற்காலிக்காரர் கைதட்டினார். கப்பல்காரன் என்ற பெயர் அன்று மாலைக்குள் கீழ்த்தளம் வரை போய்விட்டது.

அடுத்த நாள் என் சேமிப்பிலிருந்து எடுத்து, ஓர் உறையில் போட்டு, முகக்கவசத்தோடு அக்கா வீட்டு வாசலில் நின்றேன். கம்பிக்கதவை அவர் திறக்கவே இல்லை.

“இந்தாக்கா, ஃபிரீசருக்கு.”

“யாரு காசு இது?”

“என்னுதுதான்.”

“உன் காசு எனக்கு வேணாம். என் காசு வேணும். கப்பல்லேர்ந்து கொண்டாந்து குடு, வாங்கிக்கிறேன்.”

உள்ளே அத்தான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அடகுக்கடை திறந்த முதல் நாளே அக்கா ஒரு வளையலைக் கொண்டுபோய் வைத்தார். காப்பிக்கடைக்காரர் சொன்ன ஒரு மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது ஃபிரீசர் அக்கா வீட்டுக்குப் போனது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. எட்டு மாடி தூக்க நானும் போனேன். “தொடாத” என்றார். தொடவில்லை. எட்டு மாடியும் பின்னாலேயே வெறுங்கையோடு ஏறினேன்.

அக்காவின் கறிபாப் இன்றைக்கு மூன்று கட்டடங்களுக்குப் போகிறது. பத்து வாங்கினால் ஒன்று இலவசம், எனக்கு மட்டும் கிடையாது. வளையலை அவரே மீட்டுக்கொண்டார். என்னோடு பேசுவார், ஆனால் கடைக்காரர் வாடிக்கையாளரோடு பேசுகிற அளவுக்குத்தான்.

இரண்டு வருடம் கழித்துக் கப்பல் மறுபடி பினாங்குக்கு வந்தது. கூடவே கம்பெனியின் கடிதமும்: பயணக் கடனுக்கு இதுவே கடைசிப் பயணம். பதிவில் உள்ள ஆறு பேரும் சேர்ந்து ஏறினால்தான் செல்லும். ஒருவர் குறைந்தாலும் போச்சு. மைத்துனன் அலறினான். அத்தான் பூப்போட்ட சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தார். இரண்டு பொத்தான் சேரவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து என்னை அக்காவிடம் அனுப்பினார்கள். முதன்மைப் பயணி அல்லவா.

அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தார். பொறுமையாகக் கேட்டார்.

“எத்தன மணிக்குக் கிளம்புது?”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சுக்குக்கா.”

சுவரில் அவருக்கும் அதே மளிகைக்கடை நாள்காட்டி. மாவுக் கையாலேயே காட்டினார். “நாலரையிலேர்ந்து ஆறு. ராகு காலம். நான் வரல.”

இதற்கு நான் தயாராக வந்திருந்தேன். இரண்டு நாள் படித்துவிட்டு வந்திருந்தேன்.

“அக்கா, அது இந்தியாக் கணக்கு. அங்க சூரியன் ஆறு மணிக்கு உதிக்குது. இங்க ஏழு, ஏழேகால் ஆவுது. அதனால ஒண்ணேகால் மணி நேரம் தள்ளிப் பாக்கணும். ராகு காலம் இங்க அஞ்சே முக்காலுக்குத்தான் ஆரம்பிக்கும். அஞ்சு மணி சுத்தமான நேரம்!”

அக்கா பிசைவதை நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சிரிக்கிற மாதிரி இருந்தது. சந்தோஷப்பட்டுவிட்டேன், முட்டாள்.

“அப்ப வெள்ளிக்கிழமைக்கும் தள்ளித்தான பாக்கணும்?”

நான் விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

“காலையில பத்தர மணி நல்ல நேரம். நீ காப்பி குடிச்சிட்டுக் காத்திருந்து, பன்னெண்டு மணிக்கு, சரியா ராகு காலத்துல அமுக்கியிருக்க.” மாவை மறுபடி பிசைய ஆரம்பித்தார். “போயிட்டு வாடா கப்பல்காரா. நான் ஏற மாட்டேன்.”

அவர் ஏறவில்லை. ஆகவே யாரும் ஏறவில்லை. கூட்டித் தந்த கால்பங்கும் கட்டிய முழுப்பங்கும் கம்பெனியோடு போயின. மைத்துனன் என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. அது ஒன்றுதான் இதில் எனக்குக் கிடைத்த லாபம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் கறிபாப் வாங்க நின்றிருந்தேன். துறைமுகப் பக்கமிருந்து கப்பலின் ஊதல் நீளமாகக் கேட்டது. அத்தான் சன்னல் ஓரம் போய் நின்றார். அக்கா பத்துக் கறிபாப்பை எண்ணிப் பையில் போட்டார். பதினொன்றாவதை எடுப்பாரா என்று பார்த்தேன். எடுக்கவில்லை. பையை நீட்டி, மறு கையையும் நீட்டினார்.

“உன் கணக்குப்படி இப்ப நல்ல நேரந்தான? காச எடு.”