கை கழுவாமல் வந்தவள்

கல்பனா பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து, இருட்டில் தனியாக ரயிலேறி வருகிற துணிச்சல்காரி. அவளுக்குத்தான் இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அவள் குழந்தை பூமிகாவுக்கு நிமோனியா. மூன்றே கட்டில்கள் உள்ள குழந்தைகள் ஐ.சி.யு.வில் கடைசிக் கட்டில். பகல் பன்னிரண்டுக்கு அம்மாக்களை உள்ளே விடுவார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவினால்தான் நர்ஸ் ஜெனிபர் கதவையே திறப்பாள். அந்த விஷயத்தில் அவள் பொல்லாதவள்.

அன்று திங்கட்கிழமை. மஞ்சள் நைட்டி போட்ட ஒருத்தி, ஈரத் தலையோடு, கை கழுவாமல் நேராக உள்ளே போனாள். முதல் கட்டில் குழந்தையின் பாதத்தைத் தடவினாள். ஜெனிபர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கல்பனாவுக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை. அன்றும் அவள் வந்தாள். இந்த முறை நடுக் கட்டில்.

புதன் காலை அந்தக் குழந்தைக்கும் காய்ச்சல்.

"இன்னா சிஸ்டர், மஞ்ச நைட்டி போட்ட அம்மா கைய கழுவாமலே பூந்துகினு வர்றாங்க? அவங்கள மட்டும் கேக்க மாட்டீங்களா?"

"மஞ்ச நைட்டியா? அப்படி யாரும் வரலியே."

கல்பனா கட்டில்களை எண்ணிப் பார்த்தாள். மிச்சம் கடைசிக் கட்டில்தான்.

பன்னிரண்டு மணி. கல்பனா கை கழுவி உள்ளே போய்ப் பூமிகாவின் அருகே நின்றாள்.

கதவு மறுபடி திறக்கவில்லை... ஆனால் மஞ்சள் நைட்டிக்காரி உள்ளே நின்றாள்.

மானிட்டர்களின் பீப் சத்தம் நின்றது. அவள் கூந்தலிலிருந்து நீர்... சொட்... சொட்... தரை மட்டும் நனையவில்லை.

கல்பனா கட்டிலை மறைத்து நின்று கையை நீட்டினாள்.

"தொடாத! போயிடு!"

மஞ்சள் நைட்டிக்காரி அழுதாள். நீட்டிய கையைப் பற்றினாள்.

ஐஸ்.

அப்புறம்... யாருமில்லை.

பீப்... பீப்... கல்பனாவுக்குப் போன உயிர் திரும்பியது. "ஒண்ணுமில்லடா செல்லம், அம்மா கீறேன்" என்று பூமிகாவின் நெற்றியை வருடினாள்.

அதே கையால்.

அன்று மாலையே பூமிகாவுக்குக் காய்ச்சல். மற்ற இரண்டு கட்டில்களும் அந்த வாரமே காலியாகிவிட்டன. பூமிகாவுக்கு மட்டும் டாக்டர்கள் கடைசியாகப் போட்ட மருந்து கேட்டது. எப்படியென்று அவர்களுக்கே தெரியவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஜெனிபர் தணிந்த குரலில் சொன்னாள்.

"மூணு பேருக்கும் ஒரே கிருமிதாங்க. போன மாசம் இதே கடைசிக் கட்டில்ல ஒரு பச்சக்கொழந்த போச்சு. அதுக்கும் அதே கிருமி."

"அதோட அம்மா?"

"பிரசவத்துலயே செத்துட்டாங்க. பெத்த புள்ளய ஒரு தபா தொட்டுக்கூடப் பாக்கல."

இன்றும் பகல் பன்னிரண்டானால் கல்பனாவின் அந்தக் கை சில்லிட்டு நனைகிறது. எத்தனை முறை துடைத்தாலும் ஈரம் போவதில்லை.

அந்த நேரத்தில் பூமிகா எவ்வளவு அழுதாலும் அவள் தூக்குவதில்லை.