அறுபத்து மூன்றின் குவளை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்து, கம்ப்யூட்டர் படித்து, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவன். இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். நடந்தது பட்டப்பகலில், ஒரு அரசாங்க அலுவலக ஜன்னலுக்கு முன்னால், 2003 பிப்ரவரியில்.

அப்பா எழுபத்தொன்று யுத்தத்தில் பஞ்சாப் எல்லையில் இருந்தவர். பிறகு டெல்லியில் குமாஸ்தா. யுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். தினமும் காலையில் இரண்டு டீ போடுவார், ஒன்றைத் தான் குடிப்பார், இன்னொன்றை ஒரு பழைய பச்சை எனாமல் குவளையில் ஊற்றி ஜன்னலில் வைப்பார், ஆறியதும் கொட்டிவிடுவார். கேட்டால், "உன் வேலையைப் பாருடா" என்பதுதான் பதில். சாகும்போது ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அறுபத்திமூணு கிட்ட சொல்லணும்டா" என்றார். என்னத்தைச் சொல்வது என்று நான் கேட்பதற்குள் போய்விட்டார்.

அம்மாவைக் கேட்டேன். "அவங்க கூட்டத்துல ரெண்டு பெருமாள். ஒரே பேரா இருந்தா பட்டாளத்துல நம்பரோட கடைசி ரெண்டைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாம். உங்கப்பா நாப்பத்தேழு, அந்தாளு அறுபத்திமூணு. அவரு சண்டையில செத்துட்டாரு." மேலே கேட்பதற்குள் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

அவ்வளவு போதும் எனக்கு. யுத்த வரைபடங்களைத் தேடித்தேடிப் படித்தேன், பதான்கோட்டுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். அப்பா காவல் இருந்த இடம் எது என்று மட்டும் தெரிந்தால் அங்கே போய் நின்று, எதையாவது சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பு. அதற்காகத்தான் பழைய சிப்பாய்களின் ஃபைல்கள் இருக்கிற ராணுவ ஆவண அலுவலகத்துக்கு அலைந்து, கடிதம் கொடுத்து, அனுமதி வாங்கியது.

ஜன்னலில் ஒரு சீட்டுப் புத்தகம் இருந்தது. மேலே வெள்ளைத் தாள், நடுவில் கார்பன், கீழே மஞ்சள் தாள். பெயர், எண் எழுதி வெள்ளையைக் கொடுத்தால் ஃபைல் வரும், மஞ்சள் நமக்கு. அப்பாவின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். வந்த ஃபைல் அறுபத்து மூன்றினுடையது. தவறாக எடுத்துவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுத்து, இன்னொரு சீட்டில் அழுத்தி எழுதினேன். மறுபடியும் அதே ஃபைல்.

"பாயி சாப், நீங்க எழுதினதைத்தானே எடுக்கிறேன்," என்று இந்தியில் அலுத்துக்கொண்டார் குமாஸ்தா. இரண்டு வெள்ளைத் தாள்களையும் என் முன்னால் போட்டார். இரண்டிலும் கடைசியில் 63. என் கையெழுத்து.

"அப்ப நீங்களே எழுதுங்க," என்றேன். நான் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, அவர் எழுதினார். "சைந்தாலீஸ்" என்று நாற்பத்தேழை இரண்டு தரம் சொன்னேன். மூன்றாவது முறையும் அதே ஃபைல். அவர் எழுதிய தாளிலும் 63. "திர்சட், அறுபத்திமூணுன்னுதானே சொன்னீங்க? மதராஸி பாபுவுக்கு இந்தி கணக்கு வராது," என்று சிரித்தபடி மஞ்சள் தாள்களைப் புத்தகத்திலிருந்து கிழித்தெடுத்தவர், அப்படியே நின்றார். மூன்று மஞ்சளிலும் 47. அவர் எழுதியதன் பிரதியிலும் 47. தாள்களை என் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலைச் சாத்திவிட்டார். லஞ்சுக்கு இன்னும் அரைமணி இருந்தது.

ஃபைல் என் கையிலேயே இருந்தது. வேறு வழியில்லாமல் பிரித்தேன். ஆற்றங்கரைக் காவலில் மரணம். ஊர், வேலூர் பக்கம். உடைமைகள்: கம்பளி ஒன்று, போட்டோ ஒன்று, பச்சை எனாமல் குவளை ஒன்று. அனுப்பிய முகவரி என்ற இடத்தில் எங்கள் ஊர் பெயர், எங்கள் தாத்தா பெயர். ஒரு பெருமாளுக்கு இன்னொரு பெருமாள் என்று மாற்றி, அவர் பொருட்களை எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து குவளையைக் கவிழ்த்தேன். அடியில் ஆணியால் கீறிய 63. அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

"ராத்திரி காவலுக்கு ஹவில்தார் வந்து பெருமாள்னு கூப்ட்டாராம். நம்பர் சொல்லல. முறை உங்கப்பாவோடது. மூணு தரம் கூப்ட்டாராம். உங்கப்பா கம்பளிக்குள்ளயே கெடந்துட்டாரு. மூணாவது தரம் அந்த மனுஷன் எழுந்து போனாரு."

"ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"சொன்னா என்ன, எழுந்து வந்துடுவாரா?"

பதான்கோட் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வேலூருக்குப் போனேன். அவருடைய தங்கை இருந்தார், ஐம்பது வயதிருக்கும். உங்கள் அண்ணனோடு பட்டாளத்தில் இருந்தவரின் மகன் என்று சொல்லிக்கொண்டேன். குவளையை வாங்கி அடியைத் தடவிப் பார்த்தார். "எங்க இருந்துச்சி தம்பி இது?" ஆபீஸில் கிடைத்தது என்றேன். "எங்கண்ணன் எப்டி செத்தாருன்னு உங்கப்பா ஏதாவது சொல்லியிருக்காரா?" அங்கே போனதே அதைச் சொல்லத்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும், "அப்பா சண்டையைப் பத்திப் பேசவே மாட்டாரும்மா" என்றுதான் வாயில் வந்தது. முகவரியையும் போன் நம்பரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. "தம்பி, நீங்க குடுத்த நம்பர்ல மணி அடிக்குது, எடுக்கறாங்க, யாரும் பேச மாட்டேங்கறாங்க. சரி பார்த்து எழுதவும்." கூடவே என் துண்டுக் காகிதம். முகவரி சரி. போன் நம்பரும் சரி, கடைசி இரண்டைத் தவிர. அங்கே 63 என்று இருந்தது, என் கையெழுத்தில்.

அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் இன்னும் மூன்று கடிதம் போட்டுவிட்டார். மூன்றிலும் கேட்டிருப்பது ஒன்றுதான், அண்ணன் எப்படிச் செத்தார் என்று ஏதாவது தெரிந்ததா. மூன்றும் அந்த மஞ்சள் சீட்டுகளோடு என் அலமாரியில் இருக்கின்றன. நான் இன்னும் பதில் எழுதவில்லை.