பெரிய வெள்ளியன்று நாய்க்குப் போட்ட பிஸ்கட்

எங்கள் வீட்டில் முதல் அடி விழுந்தது ஒரு நாயின் சாப்பாட்டுக்காகத்தான். அடித்தவர் என் புருஷன். திருப்பி அடித்தவள் நான். அவர் கையால் அடித்தார், நான் பிஸ்கட் தகரத்தால் அடித்தேன். அவருடைய புருவம் கிழிந்த இடத்தில் பிறகு மயிர் முளைக்கவே இல்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் வாழைச்சேனையில் இருந்தோம், அவருக்குக் காகித ஆலையில் வேலை. அங்கே இருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது தன்னுடைய அல்சேஷன் நாயை இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். நாயோடு ஒரு பெரிய தகரம் நிறைய நாய் பிஸ்கட்டும், இதைத் தவிர வேறெதையும் கொடுக்கக்கூடாது என்ற கட்டளையும் வந்தன. இன்ஜினியர் கப்பலேறிவிட்டார், கட்டளை மட்டும் எங்கள் வீட்டில் குடியிருந்தது. தகரம் முடிய முடியக் கொழும்பிலிருந்து ரயிலில் அடுத்தது வந்தது. வேதவாக்கை மீறினாலும் மீறுவார், இன்ஜினியரின் வாக்கை மீறமாட்டார் என் புருஷன்.

நான் தேற்றாத்தீவுக்காரி. எங்கள் அப்பாவின் நாய்கள் வாவி மீனின் தலையையும் குடலையும் பச்சையாகத் தின்றுவிட்டு, வயல்வட்டைக்குள் இறங்கி நெல்லை உழக்கும் காட்டுப்பன்றியின் காதைக் கவ்விக்கொண்டு தொங்கிய நாய்கள். பன்றி அவற்றின் வயிற்றைக் கிழித்தாலும் பிடியை விடமாட்டா. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளுக்கு, கன்றுக்குட்டி அளவு மிருகத்தின் முன்னால் காய்ந்த மாவுக்கட்டியை வைப்பதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. மாரி மழை தொடங்கியதும் பிஸ்கட்டில் வண்டு விழுந்தது. நாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். விலா எலும்பு தெரிந்தது. சொறிந்து சொறிந்து முதுகெல்லாம் புண்.

ஓட்டமாவடி இறைச்சிக் கடையில் பாபத் வாங்கி வந்தேன். மாட்டின் இரைப்பையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவிக்கவும் இல்லை, கழுவவும் இல்லை, அப்படியே போட்டேன். அவன் அதைக் காலால் அழுத்திக்கொண்டு, தலையை உதறி உதறிக் கிழித்தான். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். அந்த நேரம் பார்த்து இவர் வந்து தட்டை உதைத்தார். பச்சை ரத்தம் ருசித்த நாய் நாளைக்கு ஆளைத் தின்னும் என்றார். ஆளைத் தின்றாலும் பரவாயில்லை, முதலில் உங்களைத் தின்னட்டும் என்றேன். அதற்குத்தான் அந்த அடி.

சண்டையில் நான்தான் வென்றேன். தகரம் அலுமாரியின் மேல் ஏறியது, நாய்க்குத் தினமும் பாபத்தும் மீன்தலையும் கிடைத்தன. புண் ஆறி, மயிர் மினுங்கத் தொடங்கியது. தோற்ற மனிதர் சும்மா இருந்தாரா? தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்து, என் பெண்சாதி நாய்க்குப் பச்சை இறைச்சி போட்டுப் புலி வளர்க்கிறாள், ஒருநாளைக்கு இருக்கிறது என்று வருவோர் போவோருக்கெல்லாம் சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயை விட்டவர் ஒருவர், கெடப்போனது நாய்.

இயேசு சிலுவையில் மரித்த பெரிய வெள்ளி வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் கஞ்சி மட்டும்தான். மீன்கூடக் கிடையாது. கத்தி எதிலும் படக்கூடாது, ரத்தம் கண்ணில் தெரியக்கூடாது. என் அம்மா இந்த நோன்பை நாய் பூனைக்கும் சேர்த்தே பிடிப்பாள், நானும் அப்படியே. ஆனால் அவன் வெறும் கஞ்சியைத் தொடவில்லை. வேறு வழியின்றித் தகரத்தை இறக்கி, பிஸ்கட்டை உடைத்துக் கஞ்சியில் போட்டேன். பசியில் தின்றான். இவர் பேப்பருக்குப் பின்னால் சிரிப்பது தெரிந்தது. ஆண்டவருக்காகப் போட்டேன், உங்களுக்காக அல்ல என்றேன்.

தின்று முடித்ததும் அவிழ்த்துவிட்டேன். அவன் வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் வெளியே போயிருக்கிறான். எவ்வளவு நேரம் போயிருந்தான் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவனைப் பிடித்து வேப்பமரத்தில் கட்டியபோது வாயைச் சுற்றி ஈரமாக இருந்தது.

நாங்கள் கோயிலுக்கு வெள்ளை உடுத்திக்கொண்டிருந்தபோது பள்ளிவாசலில் ஜும்மா தொழுகை முடிந்து சிலர் வந்தார்கள். முன்னால் வந்தவர் இறைச்சிக் கடைக்காரர், எனக்குப் பாபத் தருகிறவர், நான் காக்கா என்று, அண்ணன் முறையில், கூப்பிடுகிறவர். எங்கள் வளவுக்குப் பின்னால்தான் அவர் வீடு. ஒரு சினை ஆட்டைப் பின்னங்காலில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். ஆட்டின் கழுத்து பிய்ந்திருந்தது. வயிறு திறந்து, மடியும் தொடையும் பாதி தின்றபடி கிடந்தன. அவருடைய ஆட்கள் சிலர் தடியும் அலவாங்கு என்கிற கடப்பாரையுமாகப் பின்னால் நின்றார்கள்.

முதல் கல் நாயின் இடுப்பில் பட்டது. வேப்பமரத்தில் கட்டியிருந்தவன் சங்கிலி முறுகத் துள்ளி விழுந்தான். அடுத்தது தடி, பின்னங்காலில் எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய் அவன் மேல் விழுந்தேன். அடுத்த அடி என் தோளில் இறங்கியது. பெண்ணுக்கு அடிக்கிறாயா என்று இறைச்சிக் கடைக்காரரே அடித்தவனைப் பிடித்துத் தள்ளினார். பிறகு என்னிடம் சொன்னார்:

“விலகுங்க தங்கச்சி. பச்ச திண்ட நாய் ஆட்டக் கண்டா நிக்காது. ஒங்கட மாப்புளதான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவர்.”

இவர் வாசலில் நின்றார். வாயே திறக்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் அவ்வளவு பேசிய வாய். அலவாங்கு என் கையில் இருந்திருந்தால் முதல் அடி அவருக்குத்தான்.

“காக்கா, ஆட்டத் திண்டிருந்தா வயித்துக்குள்ள இருக்கும்,” என்றேன். “சத்தி எடுக்க வெக்கிறன். இறைச்சி வந்தா நீங்களே அடிச்சுக் கொல்லுங்க.”

சொன்ன பிறகுதான் அந்த ஈர வாய் நினைவுக்கு வந்தது. எனக்கே நிச்சயமில்லை. 

உப்புப் பானையை எடுத்து வந்தேன். இவர் வாசலிலிருந்து இறங்கி வந்து, நாயின் தாடையை இரண்டு கையாலும் பிளந்தார். நான் கைநிறைய உப்பை அடித்தொண்டையில் திணித்தேன். அடிபட்ட வெறியில் அவன் கடித்தான், இவருடைய உள்ளங்கையில் பல் இறங்கியது. இவர் கையை எடுக்கவில்லை. முழங்கை வழியாக வழிந்த ரத்தம் வெள்ளைச் சட்டையில் ஊறியது. இன்னும் உப்பு வை என்று என்னைப் பார்த்து உறுமினார். வைத்தேன்.

நாய் முதுகை வளைத்து, இழுத்து இழுத்துச் சத்தி எடுத்தான். இறைச்சிக் கடைக்காரர் குந்தி இருந்து ஈர்க்கால் கிளறிப் பார்த்தார். கபில நிறக் கட்டிகள், கஞ்சிப் பருக்கை, நுரை. ஒரு மயிரில்லை, ஒரு துண்டு சதையில்லை.

“இது என்ன புள்ள?”

“பிஸ்கட்,” என்றார் என் புருஷன்.

 தடிகள் கீழே இறங்கின. ஆட்டைக் கொன்றது நரியா, ஊர்சுற்றும் கட்டாக்காலி நாய்களா என்று கடைசிவரை தெரியவில்லை. இறைச்சிக் கடைக்காரர் எழுந்து, முறிந்து தொங்கிய பின்னங்காலைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

“அநியாயமா அடிச்சிட்டம்,” என்றார். பிறகு ஆட்டைக் காட்டினார். “இது அறுபடாமச் செத்தது, எங்களுக்கு ஆகாது. அவனுக்கே போடுங்க.”

அவர்கள் போனதும் இவர் கையில் துவாயைச் சுற்றிக்கொண்டு குசினிக்குள் போய்க் கத்தியோடு வந்தார். இன்றைக்குப் பெரிய வெள்ளி என்றேன். காதில் விழாதவர் போல, ஒரு கையால் ஆட்டின் தொடையை வெட்டி எடுத்து, தன்னைக் கடித்த வாயின் முன்னால் நீட்டினார்.  நாய் படுத்தபடியே கழுத்தை நீட்டி, அவர் விரலில் பல் படாமல் மெல்ல வாங்கிக்கொண்டான். அன்று நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை.

கால் பொருந்தவில்லை, சாகும்வரை நொண்டிதான். அதற்குப் பிறகு அவனுக்குப் பச்சை இறைச்சி வாங்கிப் போடுவது இவருடைய வேலையானது. அந்தத் தகரத்தை வாவியில் வீசு என்று என்னோடு மல்லுக்கு நின்றார். நான் வீசவில்லை. வண்டு விழுந்தாலும் புடைத்து எடுத்து, ஒவ்வொரு காலையும் முதல் வேலையாக இரண்டு பிஸ்கட்டை அவன் வாய்க்குள் திணித்தேன். அவன் திமிறினான், உறுமினான், என்னைக் கண்டால் கட்டிலுக்குக் கீழே ஒளித்தான். ஒளிக்கட்டும். அடுத்த முறை தடியோடு ஆட்கள் வரும்போது அவன் வயிற்றுக்குள் ஒரு சாட்சி இருக்கவேண்டும்.