அம்மா தண்ணீர் ஊற்றிப் பார்த்த கூடாரம்

ரப்பரும் பிளாஸ்டிக்கும் வெயிலில் காய்ந்த துணியும் கலந்த, மழைக்கோட்டின் உட்புறத்தை முகர்ந்தது போன்ற ஒரு மணம் புதுக் கூடாரங்களுக்கு உண்டு என்பதை நான் அறிந்தது ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு பெரிய கடைக்குள்தான். பச்சைக் கம்பளத்தின் மேல் இருபது முப்பது கூடாரங்களை விரித்து நிறுத்தி வைத்திருந்தார்கள். நானும் தங்கை ஷாலினியும் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு ஒன்றுக்குள் புகுந்து வெளியே வந்து அடுத்ததற்குள் புகுந்துகொண்டிருந்தோம். எங்களுக்குப் பின்னால் அப்பாவும் முழந்தாளிட்டு ஊர்ந்து வந்து, நால்வர் படுக்கும் கூடாரம் ஒன்றில் மல்லாந்து படுத்து, கால்கள் இரண்டும் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, "ஆ, எங்களுக்கு இந்த இடம் காணும்" என்றார். அம்மா மட்டும் கம்பளத்தில் கால் வைக்கவில்லை. கடையின் மறுகோடியில் சின்ன அடுப்புகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்று, ஒரு கேத்தலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. தெருவில் போன கார்களிலெல்லாம் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்காகச் சின்னக் கொடிகள் பறந்த கோடைக்கு முந்திய கோடை அது. விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போகும் முதல் நாளில் எங்கே போனோம், என்ன பார்த்தோம் என்று எல்லோரும் வட்டமாக அமர்ந்து சொல்லவேண்டும். பாரிஸில் பெரியம்மா வீட்டு ஹோலில் பாய் விரித்துப் படுத்ததையும் ஆகஸ்டில் கேவலார் மாதா கோவிலுக்குப் பஸ்ஸில் போனதையும் தவிர எனக்குச் சொல்ல எதுவும் இருந்ததில்லை. என் வகுப்புப் பிள்ளைகளோ ஏரிக்கரையில் வெளியே படுத்ததாகச் சொன்னார்கள். வீடு இருக்கும்போது ஏன் வெளியே படுக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. விளங்காததாலேயே அதைச் செய்து பார்க்க ஆசையாக இருந்தது.

அப்பா சம்மதித்த வேகம் எனக்கே ஆச்சரியம். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் அவர் சாரணராக இருந்தவர். கூடாரம் என்றால் அவருக்குக் கயிற்று முடிச்சுகளும், தீ மூட்டிப் பாடிய பாட்டுகளும், பொறுப்பாசிரியருக்குத் தெரியாமல் பறித்துத் தின்ற மாங்காய்களும்தான். பத்தொன்பது வயதில் தனியாக ஜெர்மனிக்கு வந்து, கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபது வருடம் இரவும் பகலும் மாறிவரும் முறை வேலை செய்தவரின் முகத்தில், அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் பார்த்தறியாத ஒரு பையன் எட்டிப் பார்த்தான்.

அம்மா, மன்னார்ப் பக்கத்து மாதோட்டத்துக்காரி, ஒரே சொல்லில் மறுத்தார். கூடாரத்தை "செல்ட்" என்றும், காரின் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் சக்கர வீட்டை "வோன்வாகன்" என்றும் ஜெர்மன் சொற்களாலேயே சொல்லுவது எங்கள் வீட்டு வழக்கம்.

"போறதெண்டா வோன்வாகன்ல போவம். செல்ட் எனக்குச் சரிவராது."

"காத்து வாங்கப் போறதுக்கு வீட்டையே இழுத்துக்கொண்டு போறதே?" என்று அப்பா சிரித்தார்.

"சரிவராது எண்டாச் சரிவராது."

ஏன் என்று கேட்டால் ஒரு நாள் பூச்சி என்பார், ஒரு நாள் முதுகுவலி என்பார், இன்னொரு நாள் கழிப்பறை தூரம் என்பார். காரணம் நாளுக்கு நாள் மாறியதுதான் என்னைக் குடைந்தது. பள்ளியில் சொல்லித் தந்தபடி கட்டக் கொப்பியில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் செல்ட்டையும் மறுபக்கம் வோன்வாகனையும் எழுதி, இரண்டின் நன்மை தீமைகளைச் சேர்க்கத் தொடங்கினேன். செல்ட்டைச் சுருட்டினால் காரின் பின்பெட்டிக்குள் அடங்கும். ஆனால் அது நிற்பதற்குள் இருவர் சண்டை பிடிப்பார்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வோன்வாகனில் மேசையும் அலுமாரியும் உண்டு. ஆனால் எங்கள் சின்னக் கார் அதை மலையில் இழுக்காது. அம்மா சொன்ன காரணங்களையெல்லாம் எழுதிவிட்டு ஒவ்வொன்றின் பக்கத்திலும் கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

அளந்து காட்டினால் அம்மா மனம் மாறுவார் என்பது என் எண்ணம். ஒரு சனிக்கிழமை பிற்பகல் அப்பாவைப் பிடித்து, சுவருக்குப் பெயின்ற் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டும் கடதாசி நாடாவால், கடையில் பார்த்த கூடாரத்தின் அளவை ஹோல் தரையில் ஒட்டுவித்தேன். நான்கு பக்கமும் ஒட்டி முடிந்ததும் ஷாலினி தலையணையோடு ஓடிப்போய் நடுவில் படுத்துக்கொண்டாள். சமையலறையில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டேன். கையில் மாவோடு வந்தவர் நாடாவுக்கு வெளியே நின்றார்.

"உள்ள வந்து நிண்டு பாருங்கோம்மா. எவ்வளவு இடம் எண்டு தெரியும்."

"எனக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்? நீங்கள் கடையிலயும் உள்ள வரேல்லையே."

அம்மா நாடாவை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை பார்த்தார். பிறகு, இன்றைக்குப் புட்டு என்று சொல்லும் அதே குரலில், "மடுவில நாங்கள் இருந்தது இதில அரைவாசி. ஏழு பேர்" என்றார்.

மடு என்றால் கேவலார் போல ஒரு மாதா கோவில் என்றுதான் எனக்குத் தெரியும். இலங்கையில் சண்டை வந்தபோது சனங்கள் ஊரை விட்டு ஓடிப்போய் அந்தக் கோவில் வளவில் இருந்தார்கள் என்பது தெரியாது. எனக்கு வேறு கேள்விகள் இருந்தன.

"அதில யன்னல் இருந்ததோ?"

"யன்னலோ? ஒரு தறப்பாள், நாலு தடி, கயிறு. அவ்வளவுதான்."

"மழை பெய்தா?"

"மழை பெய்தாப் படுக்கேலாது பிள்ளை. தறப்பாளுக்கு நடுவில தண்ணி குளமாக் கட்டும். விட்டா அப்பிடியே எங்களுக்கு மேல விழும். நானும் சின்னண்ணையும் மாறி மாறித் தடியால ஏத்தி ஊத்துவம். மற்ற ஆக்கள் குந்திக்கொண்டு இருப்பினம்."

"எத்தினை நாள்?"

"ரெண்டு மாரி."

இரண்டு மழைக்காலம். அப்பா நாடாச் சுருளைக் கையில் பிடித்தபடி அப்படியே தரையில் இருந்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். அம்மா மடுவில் இருந்தார் என்பது அவருக்குத் தெரியும். எப்படி இருந்தார் என்பது தெரியாது.

"ரெஜினா, நீர் இதை எனக்குச் சொல்லவேயில்லை."

"நீங்கள் கேக்கேல்லையே" என்றார் அம்மா. அதில் கோபம் இல்லை. கையில் காய்ந்த மாவை உதிர்த்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அப்பா ஷாலினியை எழுப்பி நிறுத்தி, நாடாவை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தெடுத்தார். அன்றைக்குப் பிறகு செல்ட் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்கவில்லை. கொப்பியில் நான் போட்ட கேள்விக்குறிகளை அழித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, அப்பாவோடு வேலை செய்த கெல்லர் என்ற நரைத்த மீசைக்காரர், தன்னிடம் பத்து வருடமாகச் சும்மா நிற்கும் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். அது செல்ட்டும் இல்லை, வோன்வாகனும் இல்லை. சக்கரம் பூட்டிய தட்டையான பெட்டி. மூடியைத் திறந்து புரட்டினால் உள்ளே மடித்துக் கிடக்கும் தடித்த துணி எழுந்து கூரையாகவும் சுவராகவும் நிற்கும். படுக்கை தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் இருக்கும். எங்கள் கார் இழுக்கக்கூடிய பாரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்த பல்பொருள் அங்காடியின் வெறும் வாகனத் தரிப்பிடத்தில் கெல்லர் அப்பாவுக்கு அதைப் பின்னால் எடுக்கப் பழக்கினார். பெட்டி இடப்பக்கம் போகவேண்டுமென்றால் சுக்கானை வலப்பக்கம் திருப்பவேண்டும் என்ற விசித்திரத்தை அப்பா பிடித்துக்கொள்ள ஒரு மணித்தியாலம் ஆனது. நான் புல் விளிம்பில் குந்தியிருந்து, அது ஏன் அப்படி என்று காலால் மண்ணில் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொடர்மாடியின் பின்வளவில் அதைக் கொண்டுவந்து விரித்தபோது, யன்னல்களிலெல்லாம் தலைகள் முளைத்தன. துணிக்கூரை எழுந்து நின்றது. அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்தார்.

"இதுவும் செல்ட்தானே" என்றார்.

"நிலத்தில படுக்கத் தேவையில்லை" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். "உமக்குச் சரிவராட்டி இப்பவே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

அம்மா துணியின் தையலை விரலால் தடவினார். கயிறுகளை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "வாளியில தண்ணி கொண்டு வா" என்றார். கொண்டுவந்தேன். அப்பாவைக் கதிரையில் ஏறிக் கூரையின் நடுவில் ஊற்றச் சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றார். நானும் கூடப் போனேன். தலைக்கு மேலே தண்ணீர் சளாரென்று விழுந்து, துணி ஒருமுறை பதிந்து எழும்பி, இரு பக்கமும் வழிந்தோடும் சத்தம் கேட்டது. அம்மா அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அவருடைய கை என் தோளைப் பிடித்திருந்தது, நோகும்படி பிடித்திருந்தது. "இன்னொருக்கா ஊத்தச் சொல்லு" என்றார். மூன்று வாளி ஊற்றினோம். யன்னலில் நின்ற கிழவர் ஒருவர் இவர்களுக்கு என்ன பிடித்துவிட்டது என்று யாரிடமோ கேட்டார். கடைசியில் அம்மா தன் உள்ளங்கையைத் துணியின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, அது காய்ந்திருப்பதைக் கண்டு, "சரி, கொண்டு போவம்" என்றார்.

போடன்சே ஏரிக்கரையில் எங்களுக்குக் கிடைத்தது கூடாரக்காரர்களுக்கென்று விட்டிருந்த புல்வெளியின் ஓரம். முதல் இரண்டு நாளும் நல்ல வெயில். மூன்றாம் நாள் பிற்பகல், நாங்கள் ஏரியிலிருந்து திரும்பித் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது, மலைப்பக்கமிருந்து வானம் கறுத்து வந்தது. புயல் எச்சரிக்கை விளக்குகள் கரையில் சுழலத் தொடங்கிச் சிறிது நேரத்தில் மழை கொட்டியது. அப்பா மழையைப் பார்க்கவில்லை; அம்மாவைத்தான் பார்த்தார். "காருக்குள்ள போய் இருப்பமோ?" என்றார்.

பெட்டியின் முன்னால் நாங்கள் கட்டியிருந்த துணிப்பந்தலில் தண்ணீர் தேங்கிப் பெரிய வயிறுபோலத் தொங்கத் தொடங்கியிருந்தது. அம்மா தரை கூட்டும் தும்புத்தடியைக் கையில் எடுத்தார். ஒரு கணம் யோசித்து, ஷாலினியின் மணல் விளையாட்டு வாளியைக் கவிழ்த்துத் தடியின் முனையில் மாட்டினார். "வெறுந்தடி துணியைக் கிழிச்சுப் போடும். அங்க சிரட்டை கட்டுவம்" என்று என்னிடம் சொன்னார். பிறகு பந்தலின் முன்கால் ஒன்றைத் தணிக்கச் சொல்லி அப்பாவுக்குக் காட்டி, தொங்கிய வயிற்றின் கீழ்த் தடியை வைத்து, குத்தாமல், சரித்து மெல்ல ஏற்றினார். தண்ணீர் முழுவதும் தணிந்த மூலையால் ஒரே வீச்சில் கொட்டியது.

பக்கத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வந்திருந்த ஜெர்மன் பெண்ணின் துணிப்பந்தல், அந்த நேரம், விழும் நிலையில் இருந்தது. அவர் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். அம்மா நனைந்துகொண்டே புல்வெளியைக் கடந்து போனார். தான் வேலை செய்த முதியோர் இல்லச் சமையலறையில் கற்ற ஜெர்மனில், "கையால் வேண்டாம், காலைத் தணியுங்கள், இந்தக் காலை" என்று சொல்லிக்கொண்டே தடியை வைத்தார். அதற்கப்பால் ஒரு கிழவனும் கிழவியும். அதற்கப்பால் சைக்கிளில் வந்த மாணவர்கள் மூவர். நானும் அப்பாவும் பின்னாலேயே போய்க் கால்களைத் தணித்தோம், கயிறுகளை இறுக்கினோம். அம்மாவின் முகத்தில் பயம் இருக்கிறதா என்று நான் அடிக்கொருதரம் பார்த்தேன். வேலை தெரிந்த ஒருவர் வேலை செய்யும்போது இருக்கும் முகம்தான் இருந்தது.

மழை விட்ட பிறகு அந்தப் பெண் ஒரு கேக்கைக் கொண்டுவந்து கொடுத்து, இவ்வளவு திறமையாக இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்.

"வீட்டில்" என்றார் அம்மா.

அப்பா குனிந்து முளைக்கம்பி ஒன்றைச் சரிசெய்வதுபோல் நெடுநேரம் இருந்தார்.

கெல்லரின் பெட்டியை இன்னும் நான்கு கோடைகளுக்கு இரவல் வாங்கினோம். பிறகு துணி மடிப்புகளில் வெடித்து, அவர் அதைக் கழித்துவிட்டார். அதைப்போன்ற மடிப்புப் பெட்டிகளை இப்போது நெடுஞ்சாலையில் காண்பது அரிது. உள்ளேயே படுத்துறங்கும் வெள்ளை நிறப் பெரிய வண்டிகள்தான் வரிசையாகப் போகின்றன. நானும் ஷாலினியும் போன கோடையில் அப்படி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அப்பாவையும் அம்மாவையும் ஏற்றி, அதே ஏரிக்கரைக்குப் போனோம். வேலி மாறியிருந்தது. புல்வெளி இருந்த இடத்தில் சரளைக்கல் பரப்பி, மின்சாரத் தூண்கள் நட்டு, நகராத மரவீடுகளை நிறுத்தியிருந்தார்கள். அம்மா அதை முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டு வரவேற்பறைக்கு வந்தார். கூடாரங்களை இப்போது எடுப்பதில்லை என்று அங்கிருந்த இளம்பெண் சொன்னாள்.

"அப்படியென்றால் கூடாரத்தோடு வருகிறவர்கள் எங்கே போவது?" என்று அம்மா ஜெர்மனில் கேட்டார்.

அந்தப் பெண், ஏரியின் மறுகரையில், காட்டோரமாக, சின்ன இடம் ஒன்று இன்னும் இருப்பதாகச் சொன்னாள். அம்மா கைப்பையைத் திறந்து பேனையை எடுத்து மேசையில் வைத்தார்.

"அந்த இடத்தின் பெயரை எழுதித் தாருங்கள்" என்றார்.