இடப்பக்கத் தட்டு

நம் பால்வீதியை முழுசாக அளந்து முடித்தது எங்கள் வீட்டுப் பெண்தான். சரி, கொஞ்சம் அள்ளிவிட்டேன். அதன் ஒரு ஓரத்தை, அதுவும் பலரோடு சேர்ந்து, என் நாத்தனார் அளந்தாள்.

வானாய்வு நிலையத்தின் தட்டு அறையில் அவளுக்கு வேலை. அங்கே வானத்தைக் கண்ணாடித் தட்டுகளில் படம்பிடித்து வைத்திருப்பார்கள். வானம் வெள்ளை, நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகள். இரட்டைக் குழாய்க் கருவியில் இடக்கண்ணுக்குப் பழைய தட்டு, வலக்கண்ணுக்குப் புதியது. எந்தப் புள்ளி பெருத்தது, எது இளைத்தது என்று அவள் சொல்ல வேண்டும். மூச்சு விடுவதுபோல் விம்மி அடங்கும் கிழட்டு நட்சத்திரங்கள் உண்டு. அவற்றின் அசல் ஒளி ஏறக்குறைய ஒன்றேதான். மங்கலாகத் தெரிந்தால் தொலைவில் இருக்கிறது என்று பொருள். அவற்றைக் குறித்துக்கொண்டே போனால் பால்வீதியின் உருவம் தெரியும். அது எப்போதோ விழுங்கிய குட்டி விண்மீன் மண்டலங்களின் மிச்சமும் அகப்படும்.

"டம்ளர் எங்கன்னா, எவ்வளவு மங்கலாத் தெரியுதுன்னு கேக்குறா" என்று அவளுடைய அண்ணன், என் வீட்டுக்காரர், சீண்டுவார்.

ஒரு மழைக்காலத்தில் அவள் பேச்சுக் குறைந்தது.

"அண்ணி, பழைய தட்டெல்லாம் வெளுத்துத் தெரியுது."

"நட்சத்திரமெல்லாம் அணையுதா? மெழுகுவர்த்தி வாங்கி வெச்சிடட்டுமா?"

அவள் சிரிக்கவில்லை. "ஒவ்வொண்ணும் அதது பாட்டுக்குத்தான் ஏறி இறங்கும். எல்லாம் சேர்ந்து மங்கக் கூடாது."

ஈரம் ஏறித் தட்டுகள் கெடுகின்றன என்று அவளுடைய தலைவர் பயந்தார். கெட்டால் அந்தப் பழைய வானம் திரும்பக் கிடைக்காது. கருவியருகே வந்து நின்றவர், ஏதோ தோன்றி, தட்டுகளை இடம் மாற்றி வைத்தார்.

"இப்பப் பாருங்கம்மா."

பார்த்தாள். பழைய தட்டு பளிச்சென்று இருந்தது. இடப்பக்கம் வந்த புதுத் தட்டு வெளுத்திருந்தது.

அவர் கருவியின் விளக்கை அணைத்தார். "நட்சத்திரத்துக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

இடக்கண் போனது போனதுதான், வலக்கண்ணுக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். ஒற்றைக் கண்ணோடு இன்னமும் அதே அறைக்குப் போகிறாள். பால்வீதியின் மறுகரையில் எறும்பு ஊர்ந்தாலும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது.

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட நாத்தனார், முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

"அந்த எறும்பு வரிய அடிச்சிடுங்க, அண்ணி. நேத்து பார்த்த அதே தட்டுதான், இன்னைக்கு வெளுத்துத் தெரியுது. துடைச்சும் பார்த்துட்டேன்."